இவர்தான் முதல் ஆளா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. சித்தூரில் நமது சங்க அறையில் மாதக் கூட்டம் முடிந்து பாய் சுருட்டுகிற நேரம். மாம்பழக் கூழ் ஆலையில் வேலை செய்யும் உறுப்பினர் ஒருவர் மனைவியுடன் வந்தார். மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து நம்முன் வைத்தார். பதினான்கு பக்கம், அத்தனையும் ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில் அவருடைய கைநாட்டு. அதற்குக் கீழே, சாட்சி என்ற இடத்தில் யாரோ ஒருவரின் கையெழுத்து.

"இது யார் கையெழுத்து அண்ணே?" என்று கேட்டோம்.

"தெரியலீங்க. நான் ரேகை வெச்சப்ப அங்க வேற யாரும் இல்ல" என்றார்.

அவருக்குச் சர்க்கரை வியாதி. பக்கத்து ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பார்த்துக் கொண்டிருந்தவரிடம், புதிய மாத்திரை வந்திருக்கிறது, காசில்லாமல் தருகிறோம், வந்துபோகும் பஸ் சார்ஜும் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு மாதமாகச் சாப்பிட்டு வருகிறார். என்ன மாத்திரை, எந்தக் கம்பெனி, எத்தனை நாளைக்கு, இடையில் உடம்புக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு: எந்தக் கேள்விக்கும் அவரிடம் பதில் இல்லை. அவருடைய மனைவி அதுவரை பேசாமல் நின்றவர், ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"இந்த மாத்திரையை இதுக்கு முன்னாடி யாராச்சும் சாப்பிட்டிருக்காங்களா, இல்ல இவர்தான் முதல் ஆளா?"

படித்தவர்கள் பலருக்குத் தோன்றாத கேள்வி இது. இந்தத் தலையங்கம் அந்தத் தாய்க்கு நாம் சொல்லும் பதில்.

அன்று அந்த அறையிலேயே இரண்டு கட்சி பிரிந்துவிட்டது. "ஏழையென்றால் எலியாக்கி விடுகிறார்கள், உடனே நிறுத்து" என்றது ஒரு கட்சி. "ஓசியில் வைத்தியம் நடக்கிறது, அதை ஏன் கெடுக்கிறீர்கள்?" என்றது மறு கட்சி. இரண்டும் தவறு என்பது நமது கருத்து. முதல் கட்சி மருந்து எப்படிப் பிறக்கிறது என்பதை மறந்தது. இரண்டாவது கட்சி மனிதனுக்கு உள்ள உரிமையை மறந்தது.

புதிய ரயில் பாதை போட்டவுடன் அதில் பயணி வண்டியை ஓட்டிவிடுவதில்லை என்பது நம் ரயில்வேத் தோழர்களுக்குத் தெரியும். பாகாலா – காட்பாடிப் பாதை மீட்டர் கேஜிலிருந்து அகலப் பாதையானதை நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். முதலில் டிராலியில் ஊர்ந்து பார்க்கிறார்கள். பிறகு என்ஜினை ஓட்டுகிறார்கள். பாதுகாப்பு ஆணையர் வந்து பாலம் பாலமாகப் பார்த்து, வேகச் சோதனை நடத்தி, எழுத்தில் அனுமதி கொடுத்த பிறகே டிக்கெட் வாங்கியவன் ஏறுகிறான். அத்தோடும் முடிவதில்லை. வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் சுத்தியலும் கையுமாகக் கீமேன் தினமும் தண்டவாளத்தின் மீது நடந்துகொண்டே இருக்கிறார்.

மருந்துக்கும் இதே வழிதான். முதலில் ஆய்வுக்கூடத்திலும் விலங்குகளிடத்திலும் பார்க்கிறார்கள். மனிதரிடம் வரும்போது நான்கு கட்டங்கள்.

முதல் கட்டத்தில் சில பத்துப் பேர். பெரும்பாலும் நோயில்லாதவர்கள். இந்த மருந்து மனித உடம்பு தாங்கக் கூடியதா, எந்த அளவு வரை தாங்கும் என்பதே இங்கே கேள்வி. நோய் குணமாவது அல்ல. ஆபத்து என்னவென்று அதிகம் தெரியாத கட்டமும் இதுவே. இரண்டாம் கட்டத்தில் அந்த நோயுள்ள சில நூறு பேர். மருந்து வேலை செய்யும் அறிகுறி உண்டா, எந்த அளவு சரி என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் பல நூறிலிருந்து பல ஆயிரம் பேர். சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலப் பிரித்து, ஒரு பகுதியினருக்குப் புதிய மருந்து, மற்றொரு பகுதியினருக்கு ஏற்கெனவே உள்ள மருந்து அல்லது சத்தில்லாத வெற்று மருந்து. யாருக்கு எது போகிறது என்பது பெரும்பாலும் சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கும் டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் ஆசை கண்ணை மறைக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. இதில் தேறினால்தான் விற்பனைக்கு அனுமதி. நான்காம் கட்டம் அதற்கும் பிறகு: கடைக்கு வந்த மருந்தை லட்சக் கணக்கானோர் சாப்பிடும்போது என்ன நேருகிறது என்று கவனிப்பது. அதுதான் கீமேன் வேலை.

இது எங்கோ வெளிநாட்டில் நடக்கும் விஷயமல்ல. அங்கன்வாடியில் நம் கைக்குழந்தைகளுக்கு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் வயிற்றுப்போக்குக்கு எதிராகச் சொட்டு மருந்து கொடுக்கிறார்களே, அதன் கதையைக் கேளுங்கள். ரோட்டா வைரஸ் என்ற கிருமியால் வரும் கடும் வயிற்றுப்போக்கு குழந்தைகளைக் கொன்றுவந்தது. 1980-களில் டில்லியில் அகில இந்திய மருத்துவக் கழகத்தில், பிறந்த குழந்தைகளிடம் நோயை உண்டாக்காமல் தங்கியிருந்த ஒருவகைக் கிருமியைக் கண்டெடுத்தார்கள். அதிலிருந்து ரோட்டாவேக் என்ற தடுப்பு மருந்தை ஐதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரித்தது. இருபதாண்டுகளுக்கு மேல் படிப்படியாக நடந்த வேலை இது. எந்த அளவு கொடுப்பது என்று பார்க்க 369 குழந்தைகளிடம் ஒரு சோதனை. பிறகு மூன்றாம் கட்டத்தில், 2011-க்கும் 2012-க்கும் இடையில், டில்லியிலும் பூனாவிலும் வேலூரிலுமாக 6,799 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். மூன்று குழந்தைகளில் இருவருக்கு மருந்து. ஒருவருக்கு வெற்றுச் சொட்டு. முதல் ஆண்டில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கு மருந்து பெற்ற குழந்தைகளிடம் 56 சதவீதம் குறைவாக இருந்தது. 2016-ல் இந்த மருந்து அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தபோது முதலில் கொடுத்த நான்கு மாநிலங்களில் ஆந்திரமும் ஒன்று.

வேலூர் இங்கிருந்து எத்தனை தூரம்? நம்மில் பாதிப் பேருக்குச் சொந்தக்காரர்கள் அங்கேதான். அந்தக் குடிசைத் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு சம்மதித்ததால்தான் இன்று சித்தூரில் நம் பிள்ளைக்குச் சொட்டு மருந்து கிடைக்கிறது. சோதனையே கூடாது என்று சொல்பவர் இந்தத் தாய்மார்களின் பங்கை மதிக்காதவர் ஆவார்.

ஒவ்வொரு கட்டமும் எதற்கு என்பதையும் இதே நோய் சொல்லிக் கொடுத்தது. அமெரிக்காவில் 1998-ல் வேறொரு ரோட்டா தடுப்பு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. மூன்று கட்டங்களிலும் தேறிய மருந்துதான். ஆனால் லட்சக்கணக்கில் கொடுக்கத் தொடங்கிய பிறகு, குடலின் ஒரு பகுதி மற்றொரு பகுதிக்குள் செருகிக்கொள்ளும் ஆபத்து சில குழந்தைகளுக்கு நேர்ந்தது. ஏறக்குறைய பத்தாயிரத்துக்கு ஒன்று. சில ஆயிரம் பேரிடம் நடந்த சோதனையில் பத்தாயிரத்துக்கு ஒன்று தென்படாமல் போகலாம். கீமேன் விழித்திருந்ததால் அகப்பட்டது. 1999-ல் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். அந்த அனுபவத்தால்தான் நமது சொட்டு மருந்துக்கும், வேலூர்ப் பகுதியின் குடல் செருகல் விவரங்களைத் தனியாக வெளியிட வேண்டும் என்று நம் நாட்டு மருத்துவர்கள் சிலர் கோரினார்கள். அப்படிக் கேட்பது விஞ்ஞானத்துக்கு விரோதமல்ல. கேள்வி இல்லாத இடத்தில் விஞ்ஞானமே இல்லை.

நம் மக்கள் விஞ்ஞானத்துக்குக் கொடுத்த கணக்கு இன்றைக்குத் தொடங்கியதல்ல. காசநோய் வந்தவனை வீட்டைவிட்டுப் பிரித்து, மலைக்காற்றிலும் நல்ல சாப்பாட்டிலும் மாதக்கணக்கில் படுக்க வைத்த காலம் ஒன்று இருந்தது. மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரம் சானடோரியத்தை நம் பெரியவர்கள் அறிவார்கள். கூலிக்காரனுக்குச் சானடோரியத்தில் படுக்கை எங்கே கிடைக்கும்? கிடைத்தாலும் அவன் குடும்பத்துக்குச் சோறு யார் போடுவது? 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் ஒரு காசநோய் மையத்தைத் திறந்தார்கள். சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்து, சிலரைச் சானடோரியத்திலும் சிலரை அவரவர் குடிசையிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். குடிசையில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் இல்லை, ஓய்வும் இல்லை. இருந்தும், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டதால் ஏறக்குறைய சமமாகவே குணமடைந்தார்கள். வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-ல் இந்த முடிவு வெளியானபோது உலகமே காசநோய் வைத்தியத்தை மாற்றிக் கொண்டது. இன்று எந்த நாட்டுத் தொழிலாளியும் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமடைகிறான் என்றால், அதில் சென்னைக் குடிசைகளில் இருமிக் கொண்டிருந்த நம்மவர்களின் பங்கு உண்டு. எந்தச் சிலையிலும் அவர்கள் பெயர் இல்லை.

சோதனை எப்போதும் 'ஆம்' என்றே சொல்வதில்லை என்பதற்கும் நம் பாதையிலேயே சாட்சி இருக்கிறது. ரேணிகுண்டாவிலிருந்து சென்னைக்குப் போகும்போது திருவள்ளூரைத் தாண்டுகிறோம். அந்தச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் 1968-ல் தொடங்கி லட்சக்கணக்கான மக்களுக்குப் பி.சி.ஜி. ஊசியையோ வெற்று ஊசியையோ போட்டு ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி அங்கே தடுக்கவில்லை என்பதே முடிவு. குழந்தைகளுக்கு வரும் கொடிய வகைகளுக்கு எதிராக அது பயன்படுவதால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள். ஆனால் பெரியவர்களைக் காக்கும் என்ற நம்பிக்கை கலைந்தது. பொய்யான நம்பிக்கையைக் கலைப்பதும் சோதனையின் வேலைதான்.

இது ஒரு பக்கம். மறு பக்கத்தை மறைத்தால் நாம் உங்களை ஏமாற்றியவர்களாவோம்.

2009-ல், அன்று ஆந்திரத்திலும் இன்று தெலங்கானாவிலும் உள்ள கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு எதிரான தடுப்பூசி ஏறக்குறைய பதினாலாயிரம் சிறுமிகளுக்குப் போடப்பட்டது. பத்து முதல் பதினான்கு வயதுப் பெண்கள். பலர் பழங்குடியினர், விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். பாத் என்ற அமெரிக்க அமைப்பும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் மாநில அரசும் சேர்ந்து நடத்திய வேலை. குஜராத்திலும் இதேபோல நடந்தது. இரு மாநிலத்திலும் சேர்த்து ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளிவந்து, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்கள் ஊசியால் நேர்ந்தவையாகத் தெரியவில்லை என்று விசாரணைக் குழு சொல்லியது. அதே தடுப்பூசி இன்று பல நாடுகளில் பெண்களைக் காத்து வருவதும் உண்மை. ஆனால் நம் கேள்வி ஊசியைப் பற்றியதல்ல, சம்மதத்தைப் பற்றியது. ஆந்திரத்தில் பார்க்கப்பட்ட 9,543 படிவங்களில் 1,948-ல் கைநாட்டு. 2,763 படிவங்களில் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதி வார்டன்கள்! பெற்ற தாய்க்கும் தகப்பனுக்கும் தெரியாமல் வார்டன் சம்மதம் கொடுக்கிறார். இது மருந்துச் சோதனையே அல்ல, வெறும் செயல்விளக்கத் திட்டம் என்று நடத்தியவர்கள் வாதாடினார்கள். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு அந்த வாதத்தை ஏற்காமல் கடுமையாகக் கண்டித்தது. பெயரை மாற்றினால் பொறுப்பு போய்விடுமா?

2011-ல் குண்டூர் மாவட்டம் பிடுகுராள்ளவிலிருந்து ஏழைப் பெண்களைப் பணம் தருவதாகச் சொல்லி ஐதராபாத்துக்கு அழைத்துப் போய் மருந்துச் சோதனைக்கு உட்படுத்திய செய்தி வெளிவந்தது. சூளைக்கும் குவாரிக்கும் முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கும் மேஸ்திரியை நாம் அறிவோம். உடம்புக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரியும் உண்டு என்பதை அன்று தெரிந்துகொண்டோம்.

இத்தகைய அநியாயங்களை எதிர்த்துப் பலர் உச்ச நீதிமன்றம் வரை சென்று போராடியதன் பயனாகச் சட்டம் இறுகியது. 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள், மருந்துச் சோதனைகள் விதிகள் இன்று நம் கையிலுள்ள ஆயுதம். அதில் உள்ளதை வீட்டிலுள்ள எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

ஒன்று: உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கிய பிறகே சம்மதம் வாங்க வேண்டும். படிக்கத் தெரியாதவராக இருந்தால், ஆஸ்பத்திரியையோ கம்பெனியையோ சேராத நடுநிலைச் சாட்சி ஒருவர் ஆரம்பம் முதல் முடிவு வரை பக்கத்தில் இருக்க வேண்டும். பிறகு வந்து கையெழுத்துப் போடுகிறவர் சாட்சியல்ல.

இரண்டு: விவரத் தாளின் பிரதியும் கையெழுத்திட்ட படிவத்தின் பிரதியும் உங்களுக்குத் தர வேண்டும்.

மூன்று: எந்த நாளும், எந்தக் காரணமும் சொல்லாமல், நீங்கள் விலகிக் கொள்ளலாம். விலகினால் வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக் கூடாது.

நான்கு: சோதனையின்போது உடம்புக்குக் கேடு வந்தால் வைத்தியச் செலவு அவர்களுடையது. அந்தச் சோதனையாலேயே ஊனமோ மரணமோ நேர்ந்தது என்றால் நஷ்டஈடு உண்டு. மரணத்துக்கான கணக்கே 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் கடுமையையும் பார்த்துப் போடப்படுகிறது.

ஐந்து: ஒவ்வொரு சோதனையையும் ஒரு நெறிமுறைக் குழு அங்கீகரிக்க வேண்டும். குறைந்தது ஏழு பேர். அதில் சட்டம் தெரிந்தவர் ஒருவர், பெண் ஒருவர், மருத்துவத் துறை சாராத சாதாரண மனிதர் ஒருவர் இருக்க வேண்டும். பாதிப் பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்கள். தவிர, 2009 முதல் ஒவ்வொரு சோதனையும் தேசியப் பதிவேட்டில் பதிவாக வேண்டும். அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லாத சோதனைக்கு உடம்பைக் கொடுக்காதீர்கள்.

விதி ஏட்டில் இருக்கிறது. ஆனால் சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே படிவம் தெலுங்கில் இருக்கும், ஆங்கிலத்தில் இருக்கும். குடியாத்தத்திலிருந்தும் திருத்தணியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பிழைக்க வந்தவனுக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. பஸ் போர்டைப் பார்த்து ஊரைக் கண்டுபிடிக்கிற அளவு தெரியும் என்பதால் பதினான்கு பக்கம் புரியும் என்றாகுமா? "தெலுங்கு தெரியுமா?" என்று கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயந்து "தெரியும்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆஸ்பத்திரியில் அப்படிச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. அங்கே "எனக்குப் புரியவில்லை" என்று சொல்வது வெட்கமல்ல, உரிமை.

ஆகவே இரு மாவட்ட மருத்துவமனைகளையும் நாம் கேட்டுக் கொள்கிறோம்: தமிழ் பேசும் நோயாளியைச் சோதனையில் சேர்ப்பதாக இருந்தால் தமிழ்ப் படிவம் வையுங்கள், தமிழில் விளக்குங்கள். சாட்சியை நோயாளியே அழைத்துவர இடம் கொடுங்கள். சோதனை முடிந்தபின், அந்த மருந்து தேறியதா தோற்றதா என்பதை உடம்பைக் கொடுத்தவனுக்கும் சொல்லுங்கள். நமது சங்கமும் தன் கடமையைச் செய்யும். ஞாயிறுதோறும் மாலையில், படித்த உறுப்பினர்கள் இருவர் சங்க அறையில் இருப்பார்கள். ஆஸ்பத்திரிக் காகிதம் எதுவானாலும் கைநாட்டு வைக்கும் முன் கொண்டு வாருங்கள். வரி வரியாகப் படித்துச் சொல்கிறோம். சேருங்கள் என்றோ சேராதீர்கள் என்றோ சொல்ல மாட்டோம். அது உங்கள் உடம்பு.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். பதினான்கு பக்கத்தையும் அன்றிரவே படித்துச் சொன்னோம். அம்மா, உங்கள் வீட்டுக்காரர் முதல் ஆள் அல்ல. அது மூன்றாம் கட்டம். அவருக்கு முன்னால் நூற்றுக்கணக்கானோர் அதைச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் இன்னொன்றும் அதில் எழுதியிருந்தது: பாதிப் பேருக்குத்தான் புதிய மாத்திரை, மறு பாதிக்கு ஏற்கெனவே உள்ள பழைய மாத்திரை. புதிய மருந்து கிடைத்தது என்று மகிழ்ந்திருந்தவருக்கு, தாம் விழுங்குவது பழையதாகவும் இருக்கலாம் என்பதை யாரும் சொல்லவில்லை. ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடலாம் என்று ஒரு போன் நம்பர் ஐந்தாம் பக்கத்தில் இருந்தது. அதையும் யாரும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் நம்மில் ஒருவர் அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். குடியாத்தத்துப் பெண் ஒருவர் அங்கே நர்ஸ். அவரை உடன் வைத்துக்கொண்டு இளம் டாக்டர் ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் தமிழில் பதில் சொல்ல வைத்தார். சாட்சிக் கையெழுத்து தவறாக நடந்ததை ஒப்புக்கொண்டு புதிய படிவம் எழுதினார்கள். அந்த அரைமணி நேரத்தை முதல் நாளே ஒதுக்கியிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

அவர் சோதனையில் தொடருகிறார். மனைவிக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. கணவனும் மனைவியும் வீட்டில் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு என்பதால் அதை நாம் மதிக்கிறோம். இப்போது அந்தக் காகிதத்தில் இருப்பது வெறும் மை அல்ல, ஒரு மனிதனின் வார்த்தை.